முதல் இருபது நாள்

வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி, பெரிய ஏரியையும் அதை நம்பிய வயல்களையும் கொண்ட ஊர். காஞ்சிபுரத்துப் பட்டுத்தொழில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கிறது. தறி இருக்கும் வீட்டில் பெண்களுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருப்பதில்லை. தார் சுற்ற வேண்டும், பாவு வேலைக்குக் கைகொடுக்க வேண்டும், நடுவில் சமையலும் பிள்ளைகளும். இப்படிப்பட்ட வீடுகளில் அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவதைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியர் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: “நர்சம்மா, காப்பர் டி போட்டா உள்ள புண்ணு வச்சிடுமாமே?”

இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கேட்பவர் காரணமில்லாமல் கேட்கவில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் கருவிகளால் பெண்களுக்குத் தொற்று வந்ததுண்டு. சிலர் இறந்ததும் உண்டு. எந்தக் கருவியால், எப்போது, எந்த வழியாக வந்தது என்று விஞ்ஞானம் துருவிப் பார்த்த பிறகுதான் அதைத் தடுக்கும் வழியும் பிடிபட்டது.

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெண்களுக்கான அறுவை சிகிச்சைதான். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர் டி போன்ற கருவிகளைப் பயன்படுத்துவோர் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இருபத்தி மூன்று வயதில் இரண்டு பிள்ளை பெற்ற பெண், திரும்ப மாற்ற முடியாத ஒரு முடிவை அந்த வயதிலேயே எடுத்துவிடுகிறார். பத்தாண்டு வேலை செய்யும், வேண்டாம் என்றால் சில நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய கருவியை அவர் நம்பவில்லை. அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது என்று பார்க்க 1965க்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மருத்துவர் ஜாக் லிப்பஸ் வடிவமைத்த பிளாஸ்டிக் வளையத்துக்கு ‘லிப்பஸ் லூப்’ என்று பெயர். பாம்பு நெளிவது போன்ற இரட்டை வளைவு, நுனியில் நூல். 1965ல் இந்திய அரசு இதைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையமாக்கியது. கான்பூரில் தொழிற்சாலையே அமைத்தார்கள். பொருத்தப்படும் ஒவ்வொரு லூப்புக்கும் 11 ரூபாய் என்று கணக்கிட்டு மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சம் லூப்புகள் பொருத்தப்பட்டன. பிறகு எண்ணிக்கை சரிந்தது. இரத்தப்போக்கும் வலியும் வந்தபோது பார்க்க ஆளில்லை. முகாம் போட்ட குழு அடுத்த ஊருக்குப் போயிருந்தது. பெண் மருத்துவர்கள் போதவில்லை. பொருத்துவதற்கு இலக்கு இருந்தது, பொருத்திக்கொண்டவரைத் திரும்பப் பார்ப்பதற்கு இலக்கு இல்லை. ‘லூப்’ என்ற சொல்லைப் பாட்டிமார் இன்றும் முகம் சுளித்துச் சொல்வதற்குக் காரணம் அந்த இரண்டு ஆண்டுகள்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய தவறு நடந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது உடனே புரியும், ஏனென்றால் அது நூலைப் பற்றியது.

1971 ஜனவரியில் ஏ.எச். ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனம் ‘டால்கன் ஷீல்ட்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேடயம் போன்ற உடல், இரு பக்கமும் முட்கால்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹியூ டேவிஸ் அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவர். முட்கால்கள் கருப்பையை இறுகப் பிடித்திருந்ததால் வெளியே இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும். எனவே நூலும் உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மற்ற கருவிகளில் ஒற்றை இழை நைலான் இருந்தது. இதிலோ நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே ஒரு நைலான் உறை போட்டார்கள். உறையின் இரு முனைகளும் திறந்திருந்தன.

முறுக்கிய பட்டுநூலின் ஒரு முனை சாயத்தில் பட்டால் போதும், நிறம் தானாக மேலே ஏறும். இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளே திரவத்தை இழுக்கும். டால்கன் நூலிலும் அதுவே நடந்தது. நூலின் கீழ்முனை பிறப்புறுப்பில், எப்போதும் பாக்டீரியாக்கள் வாழும் இடத்தில். மேல்முனை கருப்பைக்குள். நடுவில் இருக்கும் கருப்பை வாயின் கெட்டியான சளிதான் உடல் தனக்கெனக் கட்டிய தடுப்பு. உறைக்குள் ஏறும் ஈரத்தை அந்தச் சளி தொடவே முடியாது.

இதை நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் 1971ல் கண்டுபிடித்தார். வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்த வேய்ன் குரௌடர், நூலின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்தார். மறுமுனையை அழுத்தியபோது நீர் கசிந்தது. மேலதிகாரியிடம் சொன்னார், அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் தேவைப்படாத ஒரு சோதனை அது. அன்றைக்கே அதை மதித்திருந்தால் எத்தனை பெண்களின் கருப்பை தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது கோபம் வராமல் இல்லை.

1974ல் அரிசோனாவின் மருத்துவப் பேராசிரியர் டொனால்ட் கிறிஸ்டியன், இந்தக் கருவி உள்ளே இருக்கும்போதே கருவுற்ற பெண்கள் நடு மாதங்களில் கடும் தொற்றுக்கு ஆளாகி இறந்ததை மருத்துவ இதழில் எழுதினார். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் விற்பனை நின்றது. கருப்பையில் வைக்கும் காப்பர் டி-யின் ‘டி’ வடிவத்துக்கு மூலகர்த்தாவான ஹோவர்ட் டேட்டம் 1975ல் அந்த நூலைச் சோதித்து, பாக்டீரியா உறைக்குள் தங்குவதையும் ஏறுவதையும் உறுதிசெய்தார். மற்ற கருவிகளோடு ஒப்பிடும்போது டால்கன் பயன்படுத்தியோருக்கு இடுப்பறைத் தொற்று ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1983ல் வந்த ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தாங்க முடியாமல் 1985ல் ராபின்ஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இழப்பீட்டுக்காக ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 250 கோடி டாலர்.

ஏழை நாடுகளுக்குப் போன டால்கன் பெட்டிகளின் கதை இன்னும் கசப்பானது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு அவற்றை மலிவு விலையில் மொத்தமாக வாங்கியது. மலிவுக்குக் காரணம், அவை கிருமி நீக்கம் செய்யப்படாமல் பொட்டலமிடப்பட்டவை. நூறு கருவிகளுக்குப் பத்துச் செருகுகுழல்களே கொடுத்தார்கள். குழலைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, ஒருவருக்குப் பின் ஒருவராகப் பயன்படுத்துவது அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களின் பொறுப்பு.

டால்கன் ஒழிந்தது. ஆனால் அதன் பழி எல்லாக் கருவிகள் மேலும் விழுந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் காப்பர் டி 380ஏ, காப்பர் 375 இரண்டிலும் ஒற்றை இழை நூல்தான். அதன் வழியே ஈரம் ஏற இடுக்கு கிடையாது. அப்படியானால் தொற்று எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு முதல் நல்ல விடை டால்கனுக்கு முன்பே கிடைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் டேனியல் மிஷெல் 1966ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேறு காரணங்களுக்காகக் கருப்பையை அகற்றவிருந்த பெண்கள் சம்மதித்து, அறுவைக்கு முன்பு வெவ்வேறு காலங்களில் லூப் பொருத்திக்கொண்டார்கள். கருப்பையை எடுத்ததும், கீழ்வழியாகப் போகாமல் மேற்பகுதியைத் துளைத்து உள்ளிருந்து மாதிரி எடுத்தார் மிஷெல். கருப்பை வாயின் கிருமிகள் கலந்துவிடக் கூடாதே என்ற கவனம். பொருத்தி 24 மணி நேரம் ஆகாதவர்களிடம் எல்லா மாதிரியிலும் பாக்டீரியா வளர்ந்தது. அதற்குப் பிந்தைய நாட்களில் பெரும்பாலானவை சுத்தம். ஒரு மாதம் கடந்தவர்களிடம் எதிலும் வளரவில்லை. கருவியைச் செருகும்போது கருப்பை வாயிலிருந்து கிருமிகள் உள்ளே தள்ளப்படுகின்றன. உடல் தானே அவற்றைத் துடைத்துவிடுகிறது. கருவி உள்ளே இருக்கிறது என்பதற்காக அவை மறுபடி வருவதில்லை.

இதைப் பெரிய அளவில் உறுதிசெய்தது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவு. டிமோதி ஃபார்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் 22,908 பொருத்தல்களைத் தொகுத்து 1992ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால், இடுப்பறைத் தொற்று சுமார் 1.6 பேருக்கு. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒரு மேடு இருந்தது. பொருத்திய முதல் 20 நாட்களில் விகிதம் 9.7. அதன் பிறகு 1.4, எட்டு ஆண்டுகள் வரை பார்த்தும் அது ஏறவில்லை.

ஆறு மடங்குக்கும் மேலான அந்த வித்தியாசம்தான் இந்த அத்தியாயத்தின் மையம். பத்து ஆண்டு கருவியால் கூடும் ஆபத்து பெரும்பாலும் முதல் மூன்று வாரத்தில் குவிந்திருக்கிறது. பொருத்துகிற சில நிமிடங்களில் கவனம் இருந்தால் அதில் பெரும்பங்கைத் தவிர்க்கலாம்.

அந்தக் கவனத்தின் முதல் படி, ஏற்கெனவே உள்ள தொற்றைக் கண்டுபிடிப்பது. கருப்பை வாயில் கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று இருந்து, அது தெரியாமல் கருவியைச் செருகினால், செருகுபவரே அந்தக் கிருமிக்கு உள்ளே போக வழி போட்டுக் கொடுத்தவர் ஆகிறார். நம் ஊரில் இது சிறிய கவலை அல்ல. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான பெண்களிடம் நடந்த ஆய்வு 2005ல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி போன்ற ஏதாவது ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பாங், அபய் பாங் தம்பதியர் 1989ல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதப் பெண்களுக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே.

இதைப் படித்துவிட்டு, “வெள்ளைப்படுகிறவர்களுக்குக் கருவியே கூடாது” என்று முடிவு கட்டக் கூடாது. மாதவிலக்குச் சுழற்சியில் வரும் தெளிந்த கசிவு நோயே அல்ல. அரிப்போடு தயிர் போலப் படுவது பூஞ்சை. மருந்து கொடுத்தால் போய்விடும், கருவிக்கும் தடையில்லை. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலத்தை வைத்துப் பார்க்கும்போது கருப்பை வாயிலிருந்தே சீழ் வருகிறதா, தொட்டால் இரத்தம் கசிகிறதா, அடிவயிற்றைக் கையால் பரிசோதிக்கும்போது வலிக்கிறதா என்பவைதான் முக்கியம். இவற்றில் ஒன்று இருந்தால் அன்று கருவி கிடையாது. முதலில் சிகிச்சை, கணவருக்கும் சேர்த்து. இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடமும் மறைவான இடமும் நல்ல வெளிச்சமும் போதும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் முதலில் கைவிடப்படுவதும் இந்த ஐந்து நிமிடம்தான்.

பரிசோதிக்க நேரமில்லையென்றால் எல்லோருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்துவந்தார்கள். அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. கென்யாவின் நைரோபியில் டாக்ஸிசைக்ளின், நைஜீரியாவில் அதே மருந்து, லாஸ் ஏஞ்சலிஸில் அசித்ரோமைசின். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் 1,833 பெண்களில் ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை. 1998ல் வந்த முடிவில், மூன்று மாதத்துக்குள் கருவியை எடுக்க வேண்டி வந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, 4 சதவீதத்துக்கும் குறைவு. கவனமாகத் தேர்ந்தெடுத்துச் சுத்தமாகப் பொருத்தினால் தொற்றே அபூர்வம். மாத்திரை கூடுதலாகச் செய்ய வேலை இல்லை. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். தேவையில்லாத ஆன்டிபயாடிக் கிருமிகளுக்கு எதிர்ப்புப் பயிற்சி கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

ஆக, மிச்சம் இருப்பது கைகள். மருத்துவப் பயிற்சியில் இதைத் ‘தொடாமுறை’ என்கிறார்கள். பெயர் சொல்வதைவிட அதிக நுணுக்கம் அதில் உண்டு. கருப்பை வாயைப் பொவிடோன் அயோடினால் உள்ளிருந்து வெளியாக வட்டமாகத் துடைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு முறை. அயோடின் வேலை செய்ய ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கருப்பையின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கம்பி பிறப்புறுப்பின் சுவரிலும் ஸ்பெகுலத்திலும் படாமல் நேராகக் கருப்பை வாய்க்குள் போய்வர வேண்டும். அதுவும் ஒரே முறை. காப்பர் டி-யின் கைகளை மடக்கிக் குழலுக்குள் செலுத்துவது அதன் உறைக்குள்ளேயே, வெளியிலிருந்து விரலால் அழுத்தியே நடக்க வேண்டும். கருவி கையையோ மேசையையோ தொடக் கூடாது. மடக்கியதை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் கைகள் மறுபடி சரியாக விரியாமல் போகலாம்.

தாமிரம் சற்றுக் கறுத்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். உறை கிழியாமல், காலாவதி ஆகாமல் இருந்தால் அந்தக் கறுப்பால் கெடுதல் இல்லை. உறையில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருந்தால், கருவி பளபளவென்று இருந்தாலும் குப்பைக்குத்தான். உலோகக் கருவிகளைப் பொறுத்தவரை, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் துணி சுற்றியவை 30 நிமிடம், சுற்றாதவை 20 நிமிடம். மின்சாரம் நின்றுபோன ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு 20 நிமிடம் வேகவைப்பதையும் அரசுக் கையேடு அனுமதிக்கிறது. நடுவில் இன்னொரு கருவியை உள்ளே போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

தமிழ்நாட்டில் இன்று காப்பர் டி பெரும்பாலும் பொருத்தப்படுவது பிரசவத்தோடு. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ நீண்ட இடுக்கியால் கருப்பையின் உச்சியில் வைத்துவிடுகிறார்கள். பிரசவம் முடிந்த கருப்பையில் கிருமி எளிதாகப் புகாதா? புகும், அதனால்தான் விதிகள் கடுமை. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் கூடாது. காய்ச்சலோ நாற்றமுள்ள கசிவோ இருந்தால் கூடாது. இரத்தப்போக்கு அடங்காவிட்டால் கூடாது. 48 மணி நேரம் தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் தொற்று அரிதுதான். கருவி தானாக வெளியே விழுவதுதான் இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்.

இன்னொரு சிக்கல் மருத்துவக் கையேட்டில் தொற்றுத் தடுப்பு அத்தியாயத்தில் இல்லை, இருந்திருக்க வேண்டும். தங்களைக் கேட்காமலேயே பிரசவ அறையில் காப்பர் டி வைத்துவிட்டார்கள் என்று பெண்கள் சொன்ன செய்திகள் தமிழ்நாட்டில் வந்ததுண்டு. இது உரிமைப் பிரச்சினை, சந்தேகமே இல்லை. அதோடு நோய்த் தடுப்புப் பிரச்சினையும்கூட. உள்ளே கருவி இருப்பதே தெரியாத பெண், பதினைந்தாம் நாள் வரும் அடிவயிற்று வலியைப் பிரசவ வலியின் மிச்சம் என்று நினைத்துக் கஷாயம் குடிப்பார். அந்த இருபது நாளில் யாருக்குக் கண் திறந்திருக்க வேண்டுமோ, அவருக்கே செய்தி சொல்லப்படவில்லை. சம்மதத்தைப் பிரசவ வலியின் நடுவில் கேட்பதும் கேட்பதாகாது. ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே, மாமியாரும் கணவரும் இல்லாத ஒரு பொழுதில், அவரிடம் பேச வேண்டும்.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981ல் தொடங்கிய ‘ரூவ்செக்’ என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பு இதைத்தான் வேலையாகச் செய்துவந்திருக்கிறது: ஊர்ப் பெண்களே ஊர்ப் பெண்களுக்கு உடலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது. டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தலித் பெண்கள் சிலரும் சேர்ந்து ஆரம்பித்தது அது. கூச்சம் இல்லாமல் “நாற்றம் வருதா?” என்று கேட்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் தொற்று முன்னதாகவே பிடிபடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. குளிரோடு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலி, சீழ் போன்ற அல்லது நாற்றமடிக்கும் கசிவு, உடலுறவில் புதிதாக வரும் வலி. இவற்றில் ஒன்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் கருவியை இழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. கருவி உள்ளே இருக்கவே ஆன்டிபயாடிக் கொடுக்கலாம்; பெரும்பாலும் குணமாகும். 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அல்லது அவரே எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போய், கருவி இருக்கும்போதே கருத்தரித்திருப்பது தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நூல் தெரிந்தால் கருவியை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. டால்கன் கருவியால் இறந்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் இது.

காப்பர் டி பால்வினை நோயைத் தடுக்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணவருக்குத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆணுறையும் சேர்ந்தே வேண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனையில் ‘ஆக்டினோமைசிஸ்’ என்று அறிக்கை வந்து பதறுபவர்கள் உண்டு. நீண்ட நாள் கருவி வைத்திருப்பவர்களிடம் காணப்படும் பாக்டீரியா அது. வலியோ காய்ச்சலோ இல்லாதபோது மருந்தும் வேண்டாம், கருவியை எடுக்கவும் வேண்டாம். அறிகுறியோடு வந்தால்தான் அது தீவிரமான விஷயம்.

பிரசவத்தோடு காப்பர் டி பொருத்தும் திட்டம் இந்தியாவில் 2010ஐ ஒட்டித்தான் வேகம் எடுத்தது. முதல் ஆண்டுகளில் 380ஏ பொருத்திக்கொண்டவர்களுக்கு அதன் பத்து ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது. 375 என்றால் ஐந்தாண்டுதான். பொருத்திய தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதிய அட்டையை ஒவ்வொருவரிடமும் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் அதைத் தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. மருத்துவரோ செவிலியரோ ஸ்பெகுலம் வைத்து நூலைப் பார்த்து, இடுக்கியால் மெல்ல இழுத்தால் கருவி வந்துவிடும்; நூல் தெரியவில்லையென்றால் ஸ்கேன். வேண்டுமென்றால் அதே அமர்வில் புதியதைப் பொருத்திக்கொள்ளலாம். அப்போதும் அயோடின் துடைப்பு, காத்திருக்கும் அந்த ஓரிரு நிமிடம், அடுத்த இருபது நாள் கவனம் எல்லாம் முதலிலிருந்து மறுபடி பொருந்தும்.